பத்து வருட மழையும் ஒரு பொய்க் கோடும்

தோட்டக் காரியாலயங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் கிளாக்கராக இருந்தவனிடம் சொல்ல எவ்வளவோ இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. மீதியை நீங்களே ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஆகவே யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள் என்று நான் நினைக்கிற ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அது நான் ஒரு பெண்பிள்ளை மீது பொறாமைப்பட்ட கதை. அந்தப் பொறாமையால் இருபத்திரண்டு குடும்பங்கள் மண்ணுக்குள் போயிருக்க வேண்டியது.

என்னுடைய தோட்டம் பசறையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தாள். லயத்திலிருந்து படித்து வந்து காரியாலயத்து மேசையில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதற்கு முன் அங்கே இருந்தவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். ஆரம்பத்தில் அவர்கள் என்னோடு ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்கத் தயங்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இருபது வருடத்தில் பெரிய கிளாக்கர் ஆனேன்.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மழைக் கணக்கு. தினமும் காலையில் மழைமானியில் விழுந்த தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுத வேண்டும். எல்லாத் தோட்டங்களிலும் செய்கிற வேலைதான். நான் அத்தோடு நிற்கவில்லை. வருட முடிவில் ஒரு பெரிய வரைபுத் தாளில் மழையை நீல மையிலும் கொழுந்தைச் சிவப்பு மையிலும் கோடாக வரைந்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவேன். வருடத்துக்கு ஒரு தாள். கம்பனியிலிருந்து தோட்டம் பார்க்க வருகிற பெரியவர்கள் அதன் முன்னால் நின்று பார்ப்பார்கள். "யார் வரைஞ்சது?" என்று கேட்பார்கள். தோட்டத்து நிர்வாகியான தொரை என்னைக் கூப்பிடுவார். அந்த நேரத்துக்காகவே நான் வாழ்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் காரியாலயத்துக்கும் ஒரு கணனி வந்தது. அதோடு புவனேஸ்வரியும் வந்தாள்.

புவனாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. பதுளையில் ஆறு மாதம் கணனி படித்திருந்தாள். கீழ்ப் பிரிவில் ஆறாம் நம்பர் லயத்தில் அவள் வீடு. அம்மா கொழுந்து பறிக்கிறவள், அப்பா இல்லை. லயத்திலிருந்து வந்த இரண்டாவது ஆள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் நாள், வேலை முடிந்து போகிற வழியில் அவளுடைய அம்மா கொழுந்துக் கூடையோடு வந்து ஜன்னலில் முகத்தை வைத்து மகளைப் பார்த்தாள். கூட வந்த நாலைந்து பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். "அடியேய், நம்ம புவனாடி! மிஷினைத் தட்டுது பாருடி!" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

என்னைப் பார்க்க அப்படி யாரும் வந்ததில்லை. என் அப்பா சாகும்வரை அந்தக் காரியாலயத்துப் படியை மிதித்ததில்லை. மகன் இருக்கிற இடத்தில் தான் நின்றால் மகனுக்கு மதிப்புக் குறையும் என்று சந்தியில் நின்றுவிட்டுப் போவார். ஜன்னலில் இருந்த அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது என் வயிற்றுக்குள் ஏதோ எரிந்தது. அன்று ஆரம்பித்தது.

தொரை சிங்களவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "பெரிய கிளாக்கர்!" என்றுதான் குரல் வரும். பிறகு "புவனா!" என்று வரத் தொடங்கியது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என் பெயர், எத்தனை தடவை அவள் பெயர் என்று நான் மனதுக்குள் எண்ணினேன். ஐம்பது வயதான ஆள் செய்கிற வேலையா அது? செய்தேன்.

ஒரு நாள் தொரை என்னிடம் வந்து, "உங்க மழைப் புத்தகம் எல்லாத்தையும் இந்தப் பிள்ளைக்கிட்ட குடுங்க. பத்து வருசத்தையும் ஒரே படத்துல போட்டுக் காட்டலாமாம்," என்றார்.

கொடுத்தேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் கொடுத்தேன். தொண்ணூற்றாறு முடியும்வரை நாங்கள் மழையை அங்குலத்தில் எழுதினோம். தொண்ணூற்றேழு ஜனவரியிலிருந்து மில்லிமீற்றரில் எழுதினோம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் எங்கோ சின்னதாக இருக்கும். அவள் கவனிக்கமாட்டாள், தொரைக்கு முன்னால் முழிக்கட்டும் என்று நினைத்தேன்.

நினைத்தது மாதிரியே நடந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விரிதாளில் ஏற்றி, அவள் வரைபைத் திறந்தபோது, முதல் நாலு வருடத்தின் கோடுகளும் தரையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மற்ற ஆறும் மேலே இருந்தன. தொரை சிரித்தார். "என்னம்மா, அந்தக் காலத்துல நம்ம தோட்டம் பாலைவனமா?" நானும் சிரித்தேன். எனக்கு அன்று மத்தியானச் சோறு ருசித்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்தாள். "ஐயா, இது அங்குலம்ங்களா?" என்றாள்.

"ஆமா. அதுகூடத் தெரியாதா?"

"தெரியலைங்க. கேட்டிருக்கணும். இனிமே கேட்டுக்கிறேன்," என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நான் வேண்டுமென்று செய்தேன் என்று அவளுக்குப் படவே இல்லை போல. போய் எல்லாவற்றையும் மில்லிமீற்றருக்கு மாற்றினாள். அடுத்த நாள் காலையில் அந்த வரைபு தயாராக இருந்தது.

அதை எப்படிச் சொல்வேன்? எங்கள் பக்கத்தில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி வருட முடிவு வரை போகும். அவள் ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து நாளுக்கு நாள் மழையைக் கூட்டிக்கொண்டே போகும் கோடு ஒன்றை ஒவ்வொரு வருடத்துக்கும் போட்டிருந்தாள். பத்துக் கோடுகள், பத்து நிறங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் புறப்பட்டு விரல்களைப் போல விரிந்து மேலே போயின. எந்த வருடம் எப்போது வலுத்தது, எப்போது ஓய்ந்தது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. என்னுடைய பத்துத் தாள்களைப் பத்து வருடம் பார்த்தும் அது எனக்குத் தெரிந்ததில்லை. வருடத்துக்கொரு தாளாக நான் வரைந்ததால் ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லாமல் வைத்திருந்தேன் என்பது அந்த நொடியில் புரிந்தது.

தொரை அந்த வரைபைப் பெரிதாக அச்செடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். இடம் வேண்டும் என்று என் சட்டங்களைக் கழற்றச் சொன்னார். கழற்றி ஸ்டோரில் வைத்தேன்.

அந்தப் பத்துக் கோடுகளில் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட்டு விலகித் தனியாக மேலே ஏறி நின்றது. தொண்ணூற்றாறு.

புவனா முதல் தடவை கேட்டது அன்று சாயங்காலம். "ஐயா, தொண்ணூத்தாறு மட்டும் இவ்வளவு ஒசரத்துல இருக்குங்களே. சரிதானுங்களா?"

"எழுதினது எழுதினதுதான்," என்றேன்.

உண்மையை இப்போது சொல்கிறேன். அந்த வருடம் செப்டெம்பர் கடைசியில் மழை அளக்கிற கண்ணாடிக் குவளை என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. புதிதாக வரும்வரை ஸ்டோரில் கிடந்த இன்னொரு குவளையில் அளந்தேன். ஒவ்வொரு மழைமானிக்கும் அதன் வாய் அகலத்துக்கு ஏற்ற குவளை உண்டு. எங்களுடையது எட்டு அங்குல வாய். நான் எடுத்த குவளை ஐந்து அங்குல வாய்க்குச் செய்தது. ஒரு அங்குல மழை அதில் இரண்டரை அங்குலமாகத் தெரியும். எனக்கு அது தெரியாது. ஜனவரியில் சரியான குவளை வந்தபோது, ஒரே தண்ணீரை இரண்டிலும் ஊற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றே புத்தகத்தைத் திருத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் கம்பனிப் பெரியவர் ஒருவர் வந்து, என் வரைபைப் பார்த்து, "இப்படி ஒரு மழை வருடத்தை இவ்வளவு துல்லியமாகப் பதிந்திருக்கிறார்" என்று வருகைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை திறந்து வாசித்திருக்கிறேன் தெரியுமா? திருத்த மனம் வரவில்லை. மழைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். தனித்தனித் தாளில் இருந்தவரை யாருக்கும் தெரியவும் இல்லை.

இரண்டாவது தடவை அவள் கேட்டது ஒரு மாதம் கழித்து. அவள் கொழுந்துக் கணக்கையும் ஏற்றியிருந்தாள். "அவ்வளவு மழை பேஞ்சிருந்தா அந்த மூணு மாசமும் கொழுந்து விழுந்திருக்கணுங்களே ஐயா. ஆனா நல்லாத்தான் வந்திருக்கு. எனக்கு என்னமோ அந்த வருசம் ஒதைக்குது."

அவள் சொன்னது அவ்வளவும் சரி. எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

"மழையில நனைஞ்சு நான் அளந்தது. நிழல்ல உக்காந்து தட்டுற ஆளுக்கு அது ஒதைக்கத்தான் செய்யும்," என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். என்னைச் சுற்றியிருந்த சின்னக் கிளாக்கர்கள் சிரித்தார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த பெருமழை ஒக்டோபர் நடுவில் தொடங்கியது. நவம்பர் முழுக்க விடவில்லை. டிசம்பரில் இன்னும் வலுத்தது. புவனா ஒவ்வொரு நாள் காலையும் அந்த வருடக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு வந்தாள். அது மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போனது. தொண்ணூற்றாறை மட்டும் தாண்டவில்லை. அதற்கும் இதற்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குக் கீழ்ப் பிரிவுத் தலைவர் மாரிமுத்து காரியாலயத்துக்கு ஓடி வந்தார். தொழிற்சங்கத் தலைவர் அவர். சாதாரணமாகச் சத்தம் போட்டுக்கொண்டு வருவார். அன்று சத்தம் இல்லை. தொரையின் அறைக்குள் நேராகப் போனார். என்னையும் புவனாவையும் தொரை கூப்பிட்டார்.

"ஆறாம் நம்பர் லயத்துக்குப் பின்னால மலையில வெடிப்பு விட்டிருக்குங்க தொரை," என்றார் மாரிமுத்து. "போன வாரம் விரல் போச்சு. இப்ப கை போகுது. லயத்துக் காண் வாய்க்கால்ல கலங்கல் தண்ணி வருது. மேல இருந்து வரல, மண்ணுக்குள்ள இருந்து வருது. சனங்கள அங்க இருந்து எழுப்பணுங்க."

தொரை கெட்டவர் இல்லை. அவருடைய இக்கட்டு என்னவென்று சொல்கிறேன். மழைக்கு ஒதுங்க ஜனங்களைக் கொண்டுபோகிற இடம் எப்போதும் பள்ளிக்கூடம்தான். அந்த வாரம் அங்கே அரசாங்கத்தின் சாதாரண தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. சுற்றியுள்ள ஐந்து தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே எழுதினார்கள். இருபத்திரண்டு குடும்பத்தைக் கொண்டுபோய் விட்டால் பரீட்சை நின்றுபோகும். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போய்விடும். இன்னும் இரண்டு நாளில் பரீட்சை முடிகிறது.

அவர் எழுந்து சுவரில் இருந்த வரைபின் முன்னால் போய் நின்றார். "தொண்ணூத்தாறுல இதவிட எவ்வளவோ மேல பேஞ்சிருக்கு. அப்ப லயத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலைங்க. ஆனா அப்ப வெடிப்பு இல்லைங்களே," என்றார் மாரிமுத்து.

புவனா மெல்லிய குரலில், "சார், எனக்கு அந்த வருசத்துக் கணக்குல சந்தேகம் இருக்குங்க," என்றாள்.

தொரை என் பக்கம் திரும்பினார். "பெரிய கிளாக்கர், உங்க எழுத்துத்தானே? சரியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆறாம் நம்பர் லயத்தில்தான் புவனா படுத்துத் தூங்குகிறாள், அவளுடைய அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்.

"சரிதான் சார்."

ஏன் சொன்னேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். பயம் இருந்தது, மானம் இருந்தது. ஆனால் அந்த அறையில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை சொன்னது சரி என்று என் வாயால் சொல்லக்கூடாது. அவ்வளவுதான். இத்தனை சின்னதாக இருந்தது அது.

"அப்ப ரெண்டு நாள் பாப்போம். வெடிப்புக்கு ஒரு ஆளைக் காவல் போடுங்க," என்றார் தொரை. மாரிமுத்து கீழ்ப் பிரிவுக்கே திரும்பிப் போனார்.

புவனா தன் மேசைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள். அடுத்த தோட்டத்துக் காரியாலயத்துக்கு எடுக்கிறாள் என்று புரிந்தது. அங்கேயும் மழைப் புத்தகம் இருக்கும். தொண்ணூற்றாறைக் கேட்டால் ஒரே நிமிடத்தில் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும். மழையில் லைன் செத்துப்போயிருந்தது. இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு வைத்தாள். குடையை எடுத்தாள்.

"எங்க போற?" என்றேன்.

"பக்கத்துத் தோட்டத்துக்குங்க. குறுக்கால போனா ஒரு மணித்தியாலத்துல வந்துருவேன். லீவு போட்டுக்குங்க ஐயா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

குறுக்குப் பாதை அந்த வெடித்த மலைக்கு நேர் கீழே போகிறது.

நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் போய்ச் சேர்ந்தால் நான் அகப்படுவேன். போகிற வழியில் மண் வந்தால் அவள் போய்விடுவாள். இரண்டும் ஒரே நேரத்தில்தான் மனதில் வந்தன. எது என்னை எழுப்பியது என்று நேர்மையாக என்னால் சொல்ல முடியாது. பிடிபடுவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்ற கெட்டிக்காரத்தனமும் அதில் இருந்தது. குடைகூட எடுக்காமல் ஓடினேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். பெயர் சொல்லிக் கத்தியது மழையில் கேட்கவில்லை. கையைப் பிடித்து மடுவத்துக் கூரைக்குள் இழுத்தேன்.

சொன்னேன். குவளை உடைந்தது, வேறு குவளையில் அளந்தது, தெரிந்தும் திருத்தாதது எல்லாம்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இதுதான்: "நம்ம மழைமானி வாய் எத்தனை அங்குலம்? அந்தக் குவளை எத்தனைக்கு?"

"எட்டு. அது அஞ்சுக்கு."

"எட்டெட்டு அறுபத்திநாலு. அஞ்சஞ்சு இருபத்தஞ்சு." உதடு அசைந்தது. திரும்பிக் காரியாலயத்தைப் பார்த்து ஓடத் தொடங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் உட்கார்ந்தாள். தொண்ணூற்றாறின் அந்த மூன்று மாதத்தையும் சேர்த்துப் பிடித்து, ஒரே தட்டில் வகுத்தாள். திரையில் அந்த உயர்ந்த கோடு சடாரென்று கீழே விழுந்து மற்ற கோடுகளின் கூட்டத்துக்குள் மறைந்தது. இப்போது மேலே தனியாக நின்றது ஒன்றே ஒன்று. இந்த வருடம். அதற்குப் பக்கத்தில்கூட வேறு எந்த வருடமும் இல்லை.

அச்செடுத்த தாளை அவள் என் கையில் வைத்தாள். "நீங்கதான் கொண்டு போகணும் ஐயா."

"நீயே சொல்லும்மா. நான் பின்னாலயே வாறேன்."

"நான் சொன்னா தொரை மறுபடி உங்களைத்தான் கேப்பாரு. நீங்க மறுபடியும் சரின்னு சொல்லிட்டா?"

அந்தத் தாளோடு தொரையின் அறைக்குப் போன பத்தடி தூரம்தான் என் முப்பத்து நான்கு வருடத்தில் நான் நடந்த மிக நீண்ட தூரம். சொல்லி முடித்தேன். தொரை தாளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். "அரை மணித்தியாலத்துக்கு முன்னால கேட்டேனே," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச நேரம் இல்லை.

பரீட்சையை நிறுத்த முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். யோசித்து ஒரு முடிவெடுத்தார். தேயிலைத் தொழிற்சாலை மேட்டில், பாறை மேல் கட்டியது. அதன் மாடியில்தான் கொழுந்தை வாட்டுவார்கள். "மாடியைக் காலி பண்ணச் சொல்லுங்க. இருக்கிற கொழுந்து போனா போகட்டும்," என்றார். தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். தொரை கேட்கவில்லை. ஜீப்பையும் லொறியையும் கீழ்ப் பிரிவுக்கு அனுப்பினார். என்னையும் போகச் சொன்னார்.

காம்பரா காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டினேன். மாரிமுத்து முந்திக்கொண்டு பாதிப் பேரை ஏற்கெனவே மூட்டை கட்ட வைத்திருந்தார். புவனாவின் அம்மா வீட்டு வாசலில் நின்றாள்.

"கௌம்புங்கம்மா. மழைக் கணக்கப் பாத்தோம். பத்து வருசத்துல இப்படிப் பேஞ்சதில்ல," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெடிப்பப் பாத்து நாங்க காலையிலயே சொல்லிவிட்டமேங்க ஐயா. ஒங்க புத்தகத்துக்கு இப்பத்தான் தெரிஞ்சுச்சா?"

அவளுடைய அரிசி மூட்டையை என் தோளில் வைத்துக்கொண்டு லொறிக்கு நடந்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு லயத்தில் யாரும் இல்லை. கோழிகளைக்கூடக் கூடையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலை மாடியில் பெண்கள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். லொறி கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். தேயிலைச் செடிகள் நின்றபடியே, நிரை கலையாமல், மலையோடு கீழே நகர்ந்தன. ஆறாம் நம்பர் லயத்தின் கூரை ஒரு பக்கம் தூக்கி எழும்பி, பிறகு காணாமல் போனது. அரை லயம் மண்ணுக்குள். மிச்சத்தில் சுவர் நின்றது, பின்பக்கம் இல்லை. குறுக்குப் பாதை இருந்த இடமே தெரியவில்லை.

புவனாவின் அம்மா மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துத் தொரை என்னைக் கூப்பிட்டார். கம்பனிக்கு அறிக்கை எழுதி முடித்திருந்தார். "உங்க குவளை விஷயத்த நான் எழுதல," என்றார். "ஆனா புத்தகத்துல நீங்களே எழுதணும்." தொண்ணூற்றாறாம் வருடப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அவர் பார்த்திருக்க, சிவப்பு மையில் ஒவ்வொரு மாதத்தின் கீழும் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்று மாதம், மூன்று கையெழுத்து. என் வேலையைக் காப்பாற்றினாரா, தண்டித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம்.

அறிக்கையில் புவனாவின் வரைபைப் பற்றி எழுதியிருந்தார். கம்பனியிலிருந்து அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. காலையில் எல்லோரும் வேலைக்குக் கூடுகிற பெரட்டில் தொரை அதை வாசித்தார். கொழுந்துக்காரப் பெண்கள் கைதட்டினார்கள். நான் பின்னால் நின்றேன். உங்களிடம் பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துதான் எழுத உட்கார்ந்தேன், ஆகவே இதையும் சொல்கிறேன். அத்தனைக்கும் பிறகு, அந்தக் கைதட்டல் கேட்டபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. வெட்கம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் போகாது.

நீங்கள் இளையவர்கள். உங்களுக்கும் இது வரும். உங்களைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பக்கத்து மேசையில் வந்து உட்காரும். வயிறு எரிந்தால் எரியட்டும், அதை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு எண்ணைக் காட்டி, இது சரியா என்று கேட்டால், அந்த நேரத்தில் அந்த எண்ணை மட்டும் பாருங்கள். கேட்கிறவரின் முகத்தைப் பார்க்காதீர்கள். பல வருடத்துக் கணக்கை ஒரே வரைபில் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். கோடுகள் ஒன்றாக ஓடுகின்றன என்பதால் அவை ஒரே மாதிரி அளக்கப்பட்டவை என்று நம்பிவிடாதீர்கள். அளந்த ஆளைத் தேடிப் போய்க் கேளுங்கள். அவன் சிடுசிடுத்தால், இன்னும் ஒரு தடவை கேளுங்கள்.

புவனாவை அடுத்த வருடம் பதுளைக் காரியாலயத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மாவட்டத்தில் உள்ள எங்கள் கம்பனித் தோட்டங்கள் எல்லாவற்றின் கணக்கும் அவள் கைக்குப் போனது. அவள் போன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். யாரும் சொல்லவில்லை. பழைய மழைப் புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, எனக்குச் சந்தேகமான இடங்களை எல்லாம் பட்டியல் போட்டேன். பதினோரு இடம் வந்தது. மூன்று மற்றவர்கள் எழுத்து. எட்டு என் எழுத்து. பட்டியலை அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். நாலு மாதம் உட்கார்ந்து செய்த வேலை. இனி யாராலும் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. அரைப் பக்கம்கூட இல்லை.

"ஐயாவுக்கு வணக்கம். பட்டியல் கிடைத்தது. மிகவும் உதவியாக இருக்கிறது. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. தொண்ணூற்றெட்டில், பெப்ரவரி முப்பதாம் திகதி மழை பெய்ததாக எழுதியிருக்கிறீர்கள். மண் சரிந்த பிறகு எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்தபோதே கண்டேன். மூன்று தடவை கேட்டாகிவிட்டது, நாலாவது தடவை கேட்க மனம் வரவில்லை. அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. இருபத்தெட்டு நாள் மாதத்தில் முப்பதாம் திகதி, ஆறு மில்லிமீற்றர், என் அழகான கையெழுத்தில். நாலு மாதத்தில் இரண்டு தடவை அந்தப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

எப்படி அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் படுகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்ச நேரம் எரியவிட்டேன். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, பிழை என்று எழுதி, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவளுடைய முழுப் பெயரையும் எழுதிவிட்டு, கீழே கையெழுத்திட்டேன்.